இரண்டு பூட்டுக் கிடங்கு

ஒரு பேரரசு பீரங்கியால் நிற்பதில்லை, பூட்டால் நிற்கிறது என்பது சுங்கச் சூப்பிரண்டின் சித்தாந்தம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களைக் கிடங்கு வாசலில் நிற்கவைத்து இதைச் சொல்லுவார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். திறந்து வைத்திருந்தால், அந்தப் பூட்டைத் திறக்கச் சாவியோடு ஒரு செங்கல்லும் வேண்டியிருப்பதையும், செங்கல் வாசற்படி ஓரமாகத் தயாராக இருப்பதையும் பார்த்திருக்கலாம். உப்புக்காற்றில் எந்தப் பூட்டும் துருப்பிடிக்கும். பேரரசின் பூட்டுக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

கிடங்குக் கதவில் இரண்டு பூட்டு. ஒன்று சர்க்கார் பூட்டு, அதன் சாவி சூப்பிரண்டிடம். மற்றது வியாபாரிகள் பூட்டு, அதன் சாவி அவர்கள் வைத்த கிடங்குக்காரரிடம். கப்பலில் வந்த சரக்கு தீர்வை கட்டும்வரை உள்ளே கிடக்கும். வியாபாரி திருடாமல் சர்க்கார் பார்த்துக்கொள்ளும், சர்க்கார் திருடாமல் வியாபாரி பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் சேர்ந்து நின்றாலொழியக் கதவு திறக்காது. இரண்டு பேரும் சேர்ந்தே திருடினால் என்ன செய்வது என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. நல்ல இடத்துப் பிள்ளைகள் போலிருக்கிறது.

கிடங்குக்காரரை ஊரில் அரைச்சாவி என்றுதான் சொல்வார்கள். அவருக்குத் தெரியும், வருத்தமில்லை. தனியாக எதையும் திறந்து பழக்கமில்லாத மனிதர். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட, கூட யாராவது வருகிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய அக்காள் புருஷன் பைலட். வெளியே நிற்கும் கப்பலில் ஏறி, மணல்திட்டில் இடிக்காமல் துறைமுகத்துக்குள் கூட்டிவருவது அவர் உத்தியோகம். அதற்கு அவர் பார்ப்பது இரண்டே அடையாளம்: குன்றின்மேல் கொடிமரம், அதற்குக் கீழே கரையில் கிடங்கின் வெள்ளைச் சுவர். சுவருக்கு நேர் மேலே கொடிமரம் நின்றால் கால்வாய் நடுவில் இருக்கிறோம் என்று அர்த்தம். சுவரும் மரமும் விலகினால் மணல்.

"உன் அக்கா மூஞ்சியைவிட உன் சுவத்தைத்தான் மாப்ளே அதிகமாப் பாத்திருக்கேன்" என்பார் பைலட். "அது ஒண்ணுதான் இதுவரைக்கும் என்னைத் திட்டாம வழி காட்டுது."

அந்தச் சமயத்தில் தலைநகரிலிருந்து பெரிய துரை கப்பலில் வருவதாகச் செய்தி வந்தது. சூப்பிரண்டுக்கு ஜுரம் வந்துவிட்டது. பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினார்கள். கல் தீர்ந்ததும் மரத்துக்குப் பூசினார்கள். ஒரு இடத்தில் சும்மா படுத்திருந்த ஆட்டுக்கும் கொஞ்சம் பட்டது. கடைகளில் சுண்ணாம்பு சுத்தமாகத் தீர்ந்துபோனது. இறங்குதுறையில் வெள்ளைத் துணியில் மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு பந்தல் எழும்பியது. கடைசியில் சூப்பிரண்டின் பார்வை கிடங்குச் சுவர்மேல் விழுந்தது. பெரிய துரையின் பங்களா இளநீலம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சாரத்தில் தொங்கிக்கொண்டு நீலம் அடித்தவனிடம் கிடங்குக்காரர் கீழே நின்று சொன்னார்.

"இது கப்பல்காரங்க பாக்கற அடையாளமாச்சேப்பா."

"பாக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கு?"

"வெள்ளையாத்தான் இருக்கணும்."

"அப்ப மேல சொல்லுங்க. எனக்கு வாளியில என்ன ஊத்திக் குடுத்தாங்களோ அதைத்தான் அடிப்பேன்."

மேலே சொல்லுவது என்பது கிடங்குக்காரரின் வழக்கத்தில் இல்லாத காரியம். அத்தானிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அத்தான் அப்போது கடலில், பைலட் படகில், பெரிய துரையின் கப்பலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். துறைமுக ஆபீஸுக்குத் தெரிந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார். துறைமுக ஆபீஸ் முழுவதும் வரிசையில் நின்று சலாம் வைக்கப் பழகிக்கொண்டிருந்தது.

கப்பல் வந்த காலையில் லேசான மூடுபனி. வானமும் நீலச்சாம்பல், சுவரும் நீலச்சாம்பல். பைலட் கொடிமரத்தைக் கண்ணால் பிடித்தார். அதற்குக் கீழே வெள்ளையைத் தேடினார். பந்தல் வெள்ளையாக, அகலமாக, என்றைக்கும் இல்லாத துலக்கத்தோடு தெரிந்தது. கொடிமரத்தைப் பந்தலுக்கு நேர் மேலே கொண்டுவந்தார். வாத்தியம் வாசிக்கத் தொடங்கிய நேரத்தில் கப்பல் நிதானமாக மணலில் ஏறி உட்கார்ந்தது.

பெரிய துரையைக் கயிற்றில் கட்டிய நாற்காலியில் வைத்துப் படகில் இறக்கினார்கள். பாதி வழியில் நாற்காலி சுற்றிக்கொண்டதால் கரைக்கு முதுகு காட்டியபடியே வரவேற்பை ஏற்றுக்கொண்டார். கரையேறினதும் அவர் பிறப்பித்த முதல் உத்தரவு, பைலட்டின் சட்டையிலிருக்கும் உத்தியோக வில்லையைக் கழற்று என்பது.

அன்று பிற்பகல் சூப்பிரண்டு கிடங்குக்கு வந்தார். பின்னால் நாலைந்து கூலியாட்கள், கையில் வெள்ளையடிக்கிற மட்டையும் வாளியும்.

"உள்ள சுண்ணாம்பு மூட்டை இருக்கில்ல?"

"இருக்குங்க. தீர்வை கட்டாத சரக்குங்க."

"தெரியும்" என்று சூப்பிரண்டு தன் சாவியைப் போட்டார். செங்கல்லால் இரண்டு தட்டுத் தட்டினார். சர்க்கார் பூட்டு திறந்தது. பிறகு ஒதுங்கி நின்று, கடலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் கிடங்குக்காரருக்குப் பிற்பாடு சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். உன் வேலை போய்விடும் என்றோ, உன் பிள்ளை குட்டி என்ன ஆகும் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. சர்க்கார் பூட்டுத் திறந்தால் அடுத்தது வியாபாரி பூட்டு. இத்தனை வருஷமாக நடந்துவந்த முறை அது. சுண்ணாம்பு எதற்கு என்று கிடங்குக்காரருக்குப் புரிந்தது. அந்தச் சுவர் மறுபடி வெளுத்தால் அத்தான் சொல்வது பொய்யாகிவிடும் என்பதும் புரிந்தது. புரிந்துகொண்டிருக்கும்போதே கை மடியிலிருந்து சாவியை எடுத்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் சுவர் பூசியாயிற்று. நீலம் அடித்தவன் வெளியூரில் ஏதோ வேலை கிடைத்து அன்றே புறப்பட்டுப் போனான். சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும். விசாரணை வைத்த நாளன்று அந்தச் சுவர், கட்டின காலத்தில்கூட இல்லாத வெள்ளையாக நின்றது.

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் அக்கா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வில்லை போச்சுன்னா இந்த வீடும் போச்சுடா. அது துறைமுகத்து வீடு. எங்க போறது?"

"ஏன்க்கா அப்படியெல்லாம்..."

"கரையில அத்தனை பேரு பாத்தாங்க. கேட்டா, நாங்க பந்தலைத்தான் பாத்தோம்ங்கறாங்க. ஒருத்தன் என்ன சொல்றான் தெரியுமா? அவனுக்கு நீலம் தெரியாதாம், கண்ணுல கோளாறாம். நேத்து வரைக்கும் சேலை வித்தவன்."

கிடங்குக்காரர் மடியில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நீ பெருசா எதுவும் பேச வேண்டாம் தம்பி. சுவரு நீலமா இருந்துச்சு. அப்புறம் சுண்ணாம்பு எடுத்தாங்க. அவ்வளவுதான். உன் அத்தான் தூங்கறாருடா. இத்தனை நாள் கழிச்சு இன்னிக்குத்தான் தூங்கறாரு. நீ இருக்கேன்னு."

"சரிக்கா" என்றார்.

சரி என்று சொன்னபோது நிஜமாகவே சொல்லிவிடத்தான் நினைத்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது.

விசாரணை சுங்க ஆபீஸ் மாடியில் நடந்தது. பெரிய துரைதான் தலைமை. நாற்காலியில் ஏறுமுன் அது ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார். ஜன்னல் வழியாகச் சுவர் பளீரென்று கண்ணைக் கூசவைத்தது. பைலட் எழுந்து நின்று, நான் வந்த அன்று இது நீலமாக இருந்தது ஐயா, என்றார். அறையில் இருந்த எல்லோரும் மரியாதையாக ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு மரியாதையாகப் பைலட்டைப் பார்த்தார்கள்.

சூப்பிரண்டு எழுந்தார். நீலத்தின் மேல் வெள்ளை அடிக்க ஊரில் சுண்ணாம்பு ஒரு பிடி இல்லை, இருப்பதெல்லாம் கிடங்குக்குள். கிடங்கைத் தனியாக யாரும் திறக்க முடியாது. "நான் ஒருவன் பொய் சொல்லலாம் ஐயா" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஆனால் இரண்டாவது சாவி இருக்கிறதே. அது என் கட்சி இல்லை. வியாபாரிகள் கட்சி. போதாததற்குப் பைலட்டுக்குச் சொந்த மைத்துனர்."

பெரிய துரைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. அவருடைய அரசாங்கத்தில் இவ்வளவு நுட்பம் இருப்பது அவருக்கே தெரியாது. கிடங்குக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"கப்பல் தரை தட்டின அன்றைக்குக் கிடங்கு திறந்ததா?" என்று பெரிய துரை கேட்டார்.

கிடங்குக்காரர் வாயைத் திறந்தார். முதலில் சூப்பிரண்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். சூப்பிரண்டு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"ஐயா திறந்தாங்கன்னா நானும் திறந்திருப்பேங்க" என்றார்.

"அவர் திறக்கவில்லை என்கிறார்."

"அப்ப நானும் திறக்கலைங்க."

"சுவர் என்ன நிறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "வெள்ளைங்க."

பின் வரிசையில் அக்கா ஏதோ சொல்வதற்கு எழுந்தவள் மாதிரி எழுந்து, அப்படியே நின்றாள். பைலட் சிரித்துவிட்டார். கோபமாகச் சிரித்திருந்தால் தேவலை. வேடிக்கை பார்க்கிறவன் சிரிப்பது போலச் சிரித்தார்.

"விடு மாப்ளே" என்றார். "உன் கண்ணுக்கு இப்ப என்ன தெரியுதோ அதைத்தான் சொன்னே."

சொந்த மைத்துனரே சொன்ன சாட்சி என்பதால் தீர்ப்புக்கு நேரம் பிடிக்கவில்லை. பைலட்டுக்கு இனி எந்தத் துறைமுகத்திலும் கப்பல் கிடையாது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். சூப்பிரண்டு கிடங்குக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்து, அரசாங்கம் இந்த மாதிரி மனிதர்களால்தான் நிற்கிறது என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

மாடிப்படியில் அக்கா தம்பியைத் தாண்டி இறங்கிப் போனாள். பிறகு நின்று, இரண்டு படி மேலே ஏறி வந்து, கையை நீட்டினாள்.

கிடங்குக்காரரிடம் சொந்தமாகக் கோட்டு இல்லை. சாட்சி சொல்ல அவர் போட்டுக்கொண்டு வந்தது அத்தானுடையது.