மோந்து பார்க்க ஓர் ஆள்

மனைவி இறந்தபின் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் விடுமுறை நாட்களில் தனியாகக் காட்டுக்குப் போய்வருவார். ஒருநாள் உதிர்ந்த இலைகளின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காளான் முளைத்திருந்தது. நசுக்கினால் பூண்டு வாசம் வந்தால் அது பூண்டுக்காளான் என்று கையிலிருந்த காளான் புத்தகம் சொன்னது. அவருக்கோ ஒரு காய்ச்சலோடு மூக்கு செத்துப்போயிருந்தது. அதைப் பறித்து வந்து, தயங்கித் தயங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, நசுக்கி நீட்டினார்.

“இதக் கொஞ்சம் மோந்து பாக்கறீங்களாம்மா?”

கதவைத் திறந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகர்ந்தாள். “பூண்டு வாசம் அடிக்குது. சாப்பிடப் போறீங்களா?”

“இல்லம்மா, பேரு தெரிஞ்சுக்கத்தான்.”

“சரி, கைய நல்லா கழுவிடுங்க.” கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் வந்து, “பூண்டுக்காளான்” என்று வாய்விட்டுச் சொன்னார். உம் கொட்ட ஆளில்லை. ஒருத்தி சொன்னாளே என்று சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார்.