கண்ணுக்கு நேரே ஒரு கோடு

ஊரே தீப்பெட்டி என்று கேலி செய்த அந்தக் கான்கிரீட் நூலகத்துக்குள் ஆர்க்கிடெக்ட் வீட்டம்மா இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் காலெடுத்து வைத்தாள். அதை வடிவமைத்தவர் அவளுடைய கணவர்தான். பெயரைச் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாது. மனிதர் போய்ச் சேர்ந்தும் வெகுநாளாகிவிட்டது.

நூலகத்தைப் பழுதுபார்க்க வந்து அவளை வரச் சொன்ன இன்ஜினியர் பெண், மாடிச் சுவர் நெடுக ஓடிய ஜன்னல் வரிசையைக் காட்டினாள்.

"எல்லாரும் குனிஞ்சுதான் வெளிய பாக்க வேண்டியிருக்கும்மா. டிசைன் தப்பு, அடைச்சிடலாம்ங்கறாங்க. ஐயா ஏதாவது காரணத்தோட வச்சிருந்தா சொல்லுங்க. நான் எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்க."

"அந்த மனுஷன் எதைச் சொல்லிட்டுச் செஞ்சார்? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அவருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. சொந்த வீடு போக, அவர் கட்டியதில் இடிபடாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். இதையும் அடைத்து மூடிவிட்டால் அப்படி ஒரு ஆள் இருந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி?

அவர் நெட்டை, அவள் குட்டை. சொந்த வீட்டைத் தன் உயரத்துக்கே கட்டிவைத்தார் மகானுபாவர். சமையலறை ஜன்னலில் அவளுக்கு வானம் மட்டும்தான் தெரியும். "நான் என்ன காக்காயா?" என்று ஒருநாள் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். மறுநாள் காலை அவர் ஒன்றும் பேசாமல் அவளைச் சுவரோரம் நிறுத்தி, கண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். உயரத்தைக் கிண்டல் பண்ணுகிறார் என்று அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தில், பின்னால் வந்த நூலகத் திறப்பு விழாவுக்கு அவர் எவ்வளவோ கூப்பிட்டும் போகவில்லை. பிறகு எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "உங்க ஜன்னல்ல வானத்தைத் தவிர என்ன தெரியப்போகுது?"

இப்போது ஜன்னலருகே போய் நின்றாள். குனியவும் இல்லை, எம்பவும் இல்லை. தெரு முழுக்கத் தெரிந்தது. சைக்கிள் கடை, தையல்காரர், கோடியில் அவர்கள் வீட்டு மொட்டைமாடி. ஜன்னல் சட்டத்தில் தன் கண்ணுக்கு நேரே விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"காரணம் தெரியுதாம்மா?"

"குட்டையா இருக்கறவங்களும் வெளிய பாக்கணும்னு வச்சது. எழுதிக்கம்மா."

"யாரோட அளவு இது?"

"என்னோடது."

இன்ஜினியர் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஜன்னலை அடைக்கக் கூடாது என்று அங்கேயே நின்று எழுதினாள்.

அந்த அம்மாள் திரும்பவே இல்லை. பக்கத்தில் யாரோ குனிந்து நின்று பார்ப்பது போல, அந்தப் பக்கம் லேசாகத் தலை சாய்த்தாள்.

"வந்துட்டேன், போதுமா?" என்றாள்.