கடைசிப் பயணியின் புகார்

என் மனைவி சுரங்க ரயில் ஓட்டுகிறாள். நான் மேலே பேருந்து ஓட்டுகிறேன். நெரிசலும் பள்ளமும் குறுக்கே பாயும் நாயும் இல்லாத பாதையில் ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவளைச் சீண்டுவேன்.

அன்று காலை பத்து மணிக்கு டிப்போ அதிகாரி என்னைப் பூங்கா நிலையத்துக்கு விரட்டினார். "சுரங்கத்துல புகை. ரயில் நடுவழியில நின்னுடுச்சு. ஜனங்களை நடத்தியே கூட்டிட்டு வர்றாங்க. ஏத்திக்கிட்டுக் கிளம்பு."

எந்த ரயில் என்று கேட்டேன். எண்ணைச் சொன்னார். அவள் ஓட்டும் ரயில்.

எல்லாப் பயணிகளும் வெளியேறிய பிறகுதான் ஓட்டுநர் வர வேண்டும் என்பது விதி. அவளோ விதியைக் கரைத்துக் குடித்தவள். தூசி பட்டாலே மூச்சு இளைக்கிறவளும்கூட.

நிலைய வாசலில் கரி படிந்த முகங்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் சீருடை கண்ணில் படவில்லை. வண்டி நிரம்பியதும் காவலர் பக்கவாட்டில் தட்டினார்.

"எடுங்க, எடுங்க! பின்னாடி வண்டி நிக்குது."

"ஒரு நிமிஷம் சார், அந்த ரயில் டிரைவர்..."

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க. எடுய்யா!"

கதவு மூடும்போது குடையோடு ஒருவர் பாய்ந்து ஏறி, என் பக்கத்திலேயே நின்றார். எடுத்தேன். வேறென்ன செய்ய? அறுபது பேர் உள்ளே இருக்கிறார்கள். காவலர் மேல் வந்த கோபத்தைக் கியரிடம் காட்டினேன்.

"என்னா பொம்பளை சார் அது!" என்று ஆரம்பித்தார் குடைக்காரர். "குடையை விட்டுட்டேன்னு ரெண்டு அடி திரும்பினேன். அந்த ரயில் டிரைவரம்மா புடிச்சுக்கிச்சு. 'என்ன அன்னநடை? காலை எட்டி வைங்க'ன்னு படியேறி முடிக்கிற வரைக்கும் திட்டு!"

தினமும் நான் குளிக்கப் போகும்போது கேட்கும் அதே வார்த்தைகள்.

"மேல வந்துட்டாங்களா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வராம? நான்தான் கடைசி, எனக்குப் பின்னாடி அந்தம்மா. உள்ளயே டிக்கெட் கவுன்டர்கிட்ட உக்கார வெச்சு ஆக்சிஜன் மாட்டினாங்க. அதைக் கழட்டிட்டு மறுபடியும் என்னைத் திட்டுது சார்!"

சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பாடா. இப்படி ஒரு நிம்மதி என் ஆயுளில் வந்ததில்லை.

"புகார் எழுதாம விடமாட்டேன்," என்றார்.

"எழுதுங்க சார், நல்லா விரிவா எழுதுங்க," என்று என் பேனாவைக் கொடுத்தேன். அவள் பெயரையும் பணி எண்ணையும் நானே சொன்னேன். கேட்காமலே வீட்டு விலாசத்தையும் சொன்னேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "விலாசம் எப்படிய்யா தெரியும்?"

"நானும் அங்கதான் சார் திட்டு வாங்கறேன்."