மூன்றாவது பேஸில் யாருமில்லை

அந்த மாசி மாதத்தை நினைத்தால் மங்கையர்க்கரசிக்கு முதலில் ஞாபகம் வருவது சுண்ணாம்பு வாசனைதான். மைதானத்தில் கோடு போட ஆள் கிடையாது. அவளும் கலாவதியும் பெரியநாயகியும் விடிவதற்குள் போய்விடுவார்கள். அடியில் ஓட்டை போட்ட பால் டப்பாவில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு, ஆளுக்கொரு முனையில் கயிற்றைப் பிடித்து, தட்டிக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் மூன்று பேர் புடவை ஓரத்திலும் சுண்ணாம்பு அப்பியிருக்கும். அம்பயர் என்றால் வெள்ளைப் புடவை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. அதனால் வெளியே தெரியாது.

எழுபத்தொன்பதாம் வருஷம். சாஃப்ட்பால் என்றால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அதைப் பொம்பளைப் பிள்ளைகளின் கில்லி என்றார்கள். மூவரும் ஊர்ப் பெண்கள் கல்லூரியில் அதை ஆடி, படிப்பு முடிந்ததும் மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப்போய் அம்பயர் பரீட்சையும் தேறி வந்திருந்தார்கள். மங்கை பிள்ளையார்பாளையத்துத் தறிக்கார வீட்டில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவள். வேலை கிடைக்கவில்லை. கோபம் மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்திருந்தது. பி.ஏ. படித்துவிட்டுப் பந்து பொறுக்குகிறாயே என்று அப்பா வீரபாகு ஒருநாள் சொன்னதற்கு, நான் பொறுக்கவில்லை, தீர்ப்பு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனவள்.

பந்தை அடித்தவள் ஓடிச் சுற்றி வர மைதானத்தில் பேஸ் நான்கு, அம்பயர் மூன்று. ஒருத்தி மட்டை பிடிக்கும் இடமான ஹோமில், கேட்சருக்குப் பின்னால் நிற்பாள். ஒருத்தி முதல் பேஸ் பக்கம், ஒருத்தி மூன்றாவது பேஸ் பக்கம். இரண்டாவது பேஸுக்கு ஆளே கிடையாது. ஆக, ஆட்டம் தொடங்கும்போதே ஒரு ஆள் குறைகிறது. அந்தக் குறையை நகர்ந்து நகர்ந்துதான் அடைக்க வேண்டும். பந்து இடது பக்கம் தூரமாகப் பறந்தால் மூன்றாவது பேஸ் அம்பயர் வெளியே ஓடி, அதைப் பிடித்தார்களா, தரையில் தட்டிற்றா என்று பார்ப்பாள். அவள் விட்டுப்போன மூன்றாவது பேஸுக்கு ஹோம் அம்பயர் ஏறி வருவாள். முதல் பேஸ் அம்பயர் உள்ளே இறங்கி இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். வெளியே போனவள் திரும்பக்கூடாது. ஆட்டம் அடங்கும்வரை அங்கேயேதான் நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் மங்கைக்கு வரவே இல்லை.

காரணம் அவள் தெரு. காலையில் தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். எங்கேயாவது இழை அறுந்தால் கிட்டத்தில் இருப்பவர் ஓட வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அந்த இடம் தொய்ந்துவிடும், சித்தப்பா கத்துவார். பாவாடை கட்டிய வயதிலிருந்து காலில் ஏறிய பழக்கம் அது. பந்தைப் பார்க்க ஓடுவாள், பார்ப்பாள், பார்த்த மறுநிமிஷம் கால் தானாகத் திரும்பி மூன்றாவது பேஸுக்கு வந்து நிற்கும். கலாவதியும் தறி வீடுதான். அவளுக்கும் இந்த நோய் இருந்தது. ஆனால் முதல் பேஸ் அம்பயர் வெளியே ஓடுவது குறைவு, அதனால் தப்பித்தாள்.

பெரியநாயகி மாகறல்காரி, விவசாய வீட்டுப் பெண். அவள் இவர்களைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"எங்க ஊர்ல மடை ஒடைஞ்சிடுச்சின்னு ஒருத்தி ஓடினா, தண்ணி அடங்கற வரைக்கும் அங்கியே நிப்பாடி. நீ இன்னாடான்னா எட்டிப் பாத்துட்டு ஓடியாந்துடற. ஊட்ல சோறு பொங்கிடுமா?"

மங்கைக்கு ரோஷமாக வரும். மறுபடி ஓடிக் காட்டுவாள். மறுபடி திரும்பி வருவாள். புங்கமரத்தடியில் உட்கார்ந்து மூவரும் பட்டாணி சுண்டல் தின்பார்கள். அந்த மாசியில் நடந்த மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு மூன்று பெண்களே அம்பயர் என்று கமிட்டி சொல்லியிருந்தது. மாவட்டத்தில் அதுவரை அப்படி நடந்ததில்லை. ஒருத்தருக்கும் வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை. கலாவதிக்கு ஐயம்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். இந்த ஒரு ஆட்டம் மூவரும் சேர்ந்து நின்றுவிட்டால் போதும் என்று அவள்தான் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதை மங்கை அரையிறுதியில் கெடுத்தாள்.

பந்து இடது பக்கம் உயர்ந்தது. மங்கை ஓடினாள். பந்து கைநழுவி விழுந்ததைப் பார்த்தாள், விழுந்தது என்று கை காட்டினாள், அதுவரை சரி. அடித்த பெண் இரண்டாவது பேஸைத் தாண்டி மூன்றாவதுக்கு வர, ஹோமிலிருந்து பெரியநாயகி முறைப்படி ஏறி வந்து நின்றுகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து மங்கையும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ஓடிவந்த பெண் சறுக்கி விழுந்தாள், பந்து வந்தது, புழுதி கிளம்பியது. பெரியநாயகி தப்பித்தாள், சேஃப் என்று இரண்டு கையையும் விரித்தாள். மங்கை அவுட் என்று முஷ்டியை உயர்த்தினாள்.

ஒரே பேஸில் இரண்டு தீர்ப்பு. வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டு நாளைக்கு அதையே நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் போட்டிச் செயலாளர் கோதண்டபாணி அவர்களைக் கூப்பிட்டார். அவர் ஒரு பள்ளியில் விளையாட்டு வாத்தியார். ஊரில் பாணி சார். கபடியிலிருந்து சாஃப்ட்பாலுக்கு வந்தவர், அதனால் இதில் வேலையே இல்லாத விசிலை இன்னும் கழுத்தில் மாட்டியிருந்தார். தொந்தி நன்றாக வைத்திருந்தார். இறுதி ஆட்டத்தில் ஹோமில் தானே நிற்பதாகவும், பெரியநாயகி ஸ்கோர் எழுதட்டும் என்றும் சொன்னார்.

தப்பு செய்தது நான், என்னை உட்கார வையுங்கள் என்றாள் மங்கை. ஓடுகிற இடம் எனக்கு ஆகாது, ஓடுவதற்கு நீங்கள் இருங்கள் என்றார் அவர். அப்படியானால் நான் வெளியே போகும்போது நீங்கள் மூன்றாவது பேஸுக்கு ஏறி வர வேண்டும் என்றாள் அவள்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மூலவரு கருவறைய உட்டு வருவாராமா? சுத்தி வர்றதுக்குத்தான் உற்சவருங்க நீங்க ரெண்டு பேரு இருக்கீங்களே."

நாற்பது வருஷம் தண்ணீருக்குள் கிடந்த அத்தி வரதர் அந்த ஆனியில் எழப்போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. மங்கை யோசிக்கவில்லை.

"ஆனி மாசம் அத்தி வரதரே கொளத்துலருந்து எழுந்து வரப்போறாரு. நீங்க ஒரு அறுபது அடி வரமாட்டீங்களா சார்?"

கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பாணி சாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் விரலை நீட்டினார்.

"வாய் நல்லா இருக்குதுமா. நாளைக்கி இன்னொரு தரம் ரெண்டு தீர்ப்பு வந்துச்சின்னா, அடுத்த வருசத்துலருந்து லேடீஸ் அம்பயரே கெடையாது. சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் மங்கை பெரியநாயகியிடம் பேச வாயெடுத்தாள். பேசாதடி என்று சொல்லிவிட்டு அவள் மாகறல் பஸ்ஸுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மதுராந்தகம் அணியும் உத்திரமேரூர் அணியும் மோதின. பெரியநாயகி புங்கமரத்தடியில் ஸ்கோர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாணி சார் முகமூடி மாட்டிக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் குந்தினார். கடைசி இன்னிங்ஸ் வரை அங்கிருந்து அசையவில்லை. பந்து இடது பக்கமே போகாததால் அது யாருக்கும் தெரியவும் இல்லை.

கடைசி இன்னிங்ஸ். உத்திரமேரூர் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட், பேஸில் யாருமில்லை. இன்னும் ஒரு ஆள் அவுட்டானால் மதுராந்தகத்துக்குக் கோப்பை. ஒல்லியான ஒரு பெண் மட்டையைச் சுழற்றினாள். பந்து இடது பக்கம் பறந்தது.

மங்கை கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பிடிக்க வந்த பெண் பாய்ந்தாள், பந்து அவளுக்கு முன்னால் தரையில் தட்டி எகிறித் தாண்டிப்போனது. மங்கை கை காட்டினாள். ஒல்லிப் பெண் இரண்டாவது பேஸை மிதித்துத் திரும்பினாள். அங்கே கலாவதி சரியாக வந்து நின்றிருந்தாள். மங்கை மூன்றாவது பேஸைப் பார்த்தாள்.

அங்கே அம்பயர் இல்லை. பாணி சார் ஹோமிலேயே இருந்தார்.

கால் இழுத்தது. இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள். இந்த முறை திரும்புவதில் நியாயம்கூட இருந்தது, இடம் காலியாக அல்லவா கிடக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டே பார்த்தால் கண் குலுங்கும். நேற்று முஷ்டியை உயர்த்தியபோது புழுதியைத்தான் பார்த்தாள், பந்தை அல்ல. அது அவளுக்கு மட்டும் தெரியும். வராதது அவர் குற்றம், அதை நான் ஓடி அடைக்கமாட்டேன் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. நின்றாள். காலை அகட்டி, கையை முழங்காலில் ஊன்றி, நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

பந்து அவள் தலைக்கு மேலே திரும்பிப் போனது. மூன்றாவது பேஸில் நின்ற மதுராந்தகம் பெண் அதை வாங்கி, சறுக்கி வந்தவளின் காலில் வைத்தாள். வைத்த வேகத்தில் கையுறையிலிருந்து பந்து நழுவி மங்கையின் பக்கமாக உருண்டது. பந்து கையில் நிற்காவிட்டால் அவுட் இல்லை. அந்தப் பெண் தன் உடம்புக்கு மறைவாகவே அதை அள்ளி, உயரத் தூக்கிக் காட்டினாள்.

ஹோமிலிருந்து பார்த்தால் அவள் முதுகும் உயர்ந்த பந்தும்தான் தெரியும். பாணி சார் அவுட் என்றார். மதுராந்தகத்துப் பிள்ளைகள் குதித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

அது அவர் சொன்ன தீர்ப்பு. அவர் கேட்காமல் இன்னொரு அம்பயர் அதில் வாய் வைக்கக்கூடாது. வைத்தால் மறுபடி இரண்டு தீர்ப்பு. மங்கைக்கு அது தெரியும். நின்ற இடத்தை விட்டு உள்ளே வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம், அதுவும் தெரியும். அவள் வரவில்லை. முழங்காலிலிருந்து கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, அங்கேயே நின்றாள்.

உத்திரமேரூர் கேப்டன் அழுதுகொண்டே பாணி சாரிடம் ஏதோ முறையிட்டாள். அவர் தலையை ஆட்டினார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவன், அந்தம்மா ஏன் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அங்க நின்னுக்கினு இருக்குது என்று கேட்டான். சிரித்தார்கள். கலாவதியும் இரண்டாவது பேஸை விட்டு நகரவில்லை. புங்கமரத்தடியில் பெரியநாயகி பேனாவை மூடாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

கமிட்டிக்காரர் ஒருவர் பாணி சார் காதில் என்னவோ சொன்னார். சார் முகமூடியைக் கழற்றினார். மங்கை இருந்த பக்கம் பார்த்து, வா என்று கையசைத்தார். அவள் அசையவில்லை. மறுபடி அசைத்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது பேஸைத் தாண்டினார், அதற்கப்பால் புல்லைத் தாண்டினார். விசில் தொந்தியில் இடித்துக்கொண்டே வந்தது. ஓரத்தில் எவனோ மெதுவாக, சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரி வாயாலேயே பாட்டுப் போட்டான்.

வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"இன்னா பாத்த?"

"பந்து கீழ உழுந்திச்சி சார். என் பக்கமா உருண்டுச்சி. அப்பறம் அள்ளித் தூக்கினா."

"நல்லா பாத்தியா?"

"ஓடாம பாத்தேன் சார்."

அவர் கொஞ்ச நேரம் மூன்றாவது பேஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று பார்க்கிறார் போலிருந்தது. பிறகு திரும்பி, அவ்வளவு பேர் முன்னாலும், அந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் விரித்தார். சேஃப்.

சத்தம் அடங்கி, பிள்ளைகள் அவரவர் இடத்துக்குத் திரும்ப நேரமாயிற்று. ஒல்லிப் பெண் மூன்றாவது பேஸில் ஏறி நின்றாள். பாணி சார் ஹோமுக்கு நடந்தவர் அங்கே நிற்காமல் புங்கமரம்வரை போனார். முகமூடியைப் பெரியநாயகியிடம் நீட்டினார். முட்டி வலிக்கிறது, மீதியை நீ பாரும்மா என்றார். முட்டி வலி நிஜமா என்று மங்கைக்கு இன்றுவரை தெரியாது. அவ்வளவு தூரம் நடந்தாரே, நிஜமாகவும் இருக்கலாம்.

பெரியநாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் போய் நின்றாள். முதல் பேஸில் கலாவதி. மூன்றாவதில் மங்கை. முகமூடிக்குள்ளிருந்து பெரியநாயகி அவளைப் பார்த்து, போனால் அங்கேயே நில் என்பதுபோல் ஒரு விரலைக் காட்டினாள். மங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த பெண் அடித்தாள். பந்து நேராக மேலே போய், நேராகக் கீழே வந்து, பிட்சர் கையில் விழுந்தது. அவுட் என்றாள் பெரியநாயகி. மதுராந்தகம்தான் ஜெயித்தது. இடையில் நடந்த எதனாலும் கோப்பை கை மாறவில்லை.

வைகாசியில் கலாவதிக்குக் கல்யாணம் ஆனது. பெரியநாயகிக்குத் தருமபுரி பக்கம் பள்ளிக்கூட வேலை வந்தது. மூன்று பேரும் ஒரு மைதானத்தில் சேர்ந்து நிற்பதற்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. இறுதி ஆட்டத்தில் அவர்கள் சேர்ந்து நின்றது அந்த ஒரே ஒரு பெண் மட்டை பிடித்த நேரம்தான். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஓடுவதற்கு மூவரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தியும் ஓரடிகூட நகர வேண்டியிருக்கவில்லை.