துடைத்த திரை

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் தங்கையின் கைப்பேசியை அழித்துக்கொண்டிருந்தான். முன்னறையில் அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

பதினோரு வருடமாகக் கைப்பேசி பழுதுபார்ப்பவன். சும்மா அழித்தால் போதாது என்று தெரியும். எந்தக் கில்லாடியாலும் மீட்க முடியாதபடி மூன்று முறை அழித்தான்.

அவளோடு வேலை பார்த்த ஒருவன், அவள் முகத்தை வேறோர் உடம்பில் ஒட்டித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தான். அவளுக்குத் தினமும் போனில் மிரட்டல். ஆறு மாதம். "அழிச்சுத் தொலையேன்டி, எதுக்குப் பொத்தி வெச்சிருக்கே?" என்று இவன் கத்தும்போதெல்லாம், "இருக்கட்டும்ண்ணா" என்பாள். அதற்குமேல் பேசமாட்டாள். பிறந்ததிலிருந்தே பலவீனமான இதயம். நேற்று மதியம் மருத்துவமனையில் நின்றுவிட்டது.

இனி யார் கண்ணிலும் அவள் அப்படிப் படக்கூடாது.

சித்தி கதவைத் தள்ளினாள். "டேய், போலீஸ்காரம்மா வந்திருக்காங்க. செத்த வீட்டையும் விடமாட்டாங்க போல."

ஆய்வாளர் தங்கையின் அருகில் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் தம்பி. அவங்க போன் வேணும்."

"அவளே போயிட்டா மேடம். இனி என்ன கேஸு?"

"கேஸ் அவங்களோட போயிடாது. இன்னும் ரெண்டு பொண்ணுங்க அதே ஆள் மேல புகார் குடுத்திருக்காங்க. பயத்துல அவங்ககிட்ட இருந்ததை எல்லாம் அழிச்சுட்டாங்க. உங்க தங்கச்சிதான் ஒண்ணுவிடாம வெச்சிருந்தாங்க. திங்கக்கிழமை கொண்டு வந்து ஒப்படைக்கறதா சொல்லியிருந்தாங்க. 'எங்கண்ணன் கண்ணுல படாம கொண்டாரணும் மேடம், பார்த்தா எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருவான்'னு சிரிச்சாங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை இறுக்கினான். மறுபடியும் சொட்டியது.

முன்னறையில் சித்தி யாருக்கோ நாற்காலி எடுத்துப் போட்டாள்.

ஆய்வாளர் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்துப் பிடித்தார். "பூட்டைத் திறக்க நம்பர் தெரியுமா தம்பி?"

"பூட்டு இல்ல மேடம்."

திரை ஒளிர்ந்தது. நல்வரவு என்றது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

கடையில் வேலை முடிந்த போனைத் திருப்பிக் கொடுக்கும்போது செய்வதுபோல, அவன் சட்டை நுனியால் விரல் தடங்களைத் துடைத்துவிட்டு நீட்டினான்.