ரத்துப் பொத்தான்

அகனிசிக்கு அலுத்துப்போயிருந்தது. தலைநகர் சுவாவில் ஒரு கப்பல் நிறுவனத்தின் இணைய முன்பதிவுப் பக்கத்தை எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். மூன்று மாதமாக மேலாளர் பிரவினேஷிடம் அவள் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பக்கத்தை நிறுவனத்தின் சர்வரிலேயே முழுதாகச் சமைத்து அனுப்பினால் தீவுகளில் இருக்கிற ஓட்டை ஃபோனிலும் எழுத்து உடனே வரும் என்றாள். அவனுக்கோ அசைகிற கப்பல் படம் வேண்டும், எல்லாம் ஃபோனிலேயே வேக வேண்டும். அவன் மேசையில் இருந்த புது லேப்டாப்பில்தான் எதுவும் பறக்குமே!

"மேல என்ன வெள்ளைப் பெட்டி? பார்க்கவே அசிங்கமா இருக்கு" என்றான் போன வாரம்.

"படம் வர்ற வரைக்கும் அதுக்கு இடம் விட்டிருக்கேன். இல்லேன்னா படம் வந்ததும் கீழ இருக்கறதெல்லாம் சரியும்."

"சரிஞ்சா சரியட்டும்மா. குடியா முழுகிடும்?"

வாதாடத் தெம்பில்லை. இடம் விட்டிருந்த அந்த இரண்டு வரி நிரலையும் அவளே அழித்தாள்.

இன்று காலை கோரோ தீவிலிருந்து தங்கை லிதியா கூப்பிட்டாள். அவளுக்கு நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, பிரசவத்துக்குச் சுவாவுக்கே போய்விடு என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாளைக் கப்பலில் இடம் பிடித்தாயிற்று. 'உறுதி செய்' என்பதைத் தட்டுவதுதான் பாக்கி.

"அக்கா, நான் உறுதியைத்தான் தட்டப் போனேன். அதுக்குள்ள படம் வந்து எல்லாம் கீழ இறங்கிடுச்சு. மேல இருந்த ரத்து என் விரலுக்கு அடியில வந்து நிக்குது! இடம் போயிடுச்சுக்கா."

அகனிசி பதிவுகளைத் திறந்து பார்த்தாள். இந்த வாரம் மட்டும் நாற்பத்தொரு ரத்து. 'ஜனங்க எப்படித் தட்டறாங்க பாரு' என்று பிரவினேஷ் கூட்டத்தில் பீற்றிக்கொண்டது இந்தத் தவறான தட்டல்களைத்தான். பாவி! அழித்தது என்னவோ அவள் கைதானே.

யாரையும் கேட்கவில்லை. எப்போதோ எழுதி ஒதுக்கி வைத்திருந்த பக்கத்தை ஏற்றினாள். படம் இல்லை, வெறும் எழுத்து, சர்வரிலேயே வெந்தது. மூன்று மாதம் கெஞ்சிய வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

"இப்பத் திறந்து பாருடி."

"அட, டக்குன்னு வந்துடுச்சுக்கா! ஆடவே இல்ல."

"என்ன போட்டிருக்கு?"

லிதியா படித்துச் சொன்னாள்.

"இடம் இல்லைன்னு போட்டிருக்கு. அடுத்த கப்பல் பதினாறு நாள் கழிச்சாம்."