அக்காவின் தப்பு

என் அக்காவுக்கு சங்கீதம் துளிகூடத் தெரியாது. ஸ்வரம் எத்தனை என்று கேட்டால் "எதுக்கு?" என்பாள். ஆனால் நான் கிட்டாரில் ஒரு விரலைப் பிசகி வைத்தால் போதும், கீழே கடையில் ஓடிக்கொண்டிருக்கும் தையல் மெஷின் டக்கென்று நிற்கும். படிக்கட்டு வழியாக ஒரு குரல் ஏறி வரும். "டேய், தப்பு!" அவ்வளவுதான். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

கீழே அக்காவின் தையல் கடை, அதற்குப் பின்னால் சமையலறை. மேலே அக்காவும் மாமாவும் இருக்கும் அறை, அதற்கு எதிரே என் அறை. நான் கிட்டாரைத் தொட்ட நாளிலிருந்து அவள் அந்த மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எது சரி என்பது அவள் காதில் ஊறிவிட்டது. "உனக்கு என்னக்கா தெரியும்?" என்று எகிறுவேன். "ஒண்ணும் தெரியாது. ஆனா தப்பு தப்புதான்" என்பாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். கோபத்தோடு அந்த இடத்தை மெதுவாக வாசித்துப் பார்த்தால், தப்பாகத்தான் இருக்கும்.

மேடை ஏறி வாசித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து நான் நாலு காசு பார்க்க ஆரம்பித்த பிறகும் இது ஓயவில்லை. என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் முன்னாலேயே "தப்பு!" என்று குரல் வரும். "யார் சார் அது?" என்று கேட்பார்கள். "என் குரு" என்று சமாளிப்பேன்.

கையில் அடிபட்ட அன்று மழை பெய்துகொண்டிருந்தது. கச்சேரிக்குக் கிளம்பும் அவசரம். வாசலில் வேன்காரர் ஹாரனை அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா கடையைப் பூட்டுவதற்காக வெளியே நின்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். எனக்கு அப்போதுதான் வயர் பெட்டி நினைவுக்கு வந்தது. சமையலறை வழியாக ஓடி வந்து, கடைக்குள் குனிந்து, இடது கையை வாசல்படியில் ஊன்றிக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் பெட்டியை வெளியே தள்ளினேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவள் வேன்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஷட்டரை இழுத்தாள். அது எப்போதும் பாதியில் சிக்கும். அதனால் உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு இழுப்பது அவள் வழக்கம். அன்று பார்த்து அது சிக்கவில்லை.

நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கின. ஆஸ்பத்திரியில் அக்கா எல்லோரிடமும் "என் தப்பு, என் தப்பு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சீட்டு எழுதுகிறவரிடம் சொன்னாள். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடமும் சொன்னாள். கடைசியில் டாக்டருக்கே பொறுமை போய்விட்டது.

"யார் தப்புங்கறது எங்களுக்கு வேண்டாம்மா. இவர் கடைசியா எப்ப சாப்பிட்டார்? அதைச் சொல்லுங்க, மயக்க மருந்து குடுக்கணும்."

"என் தப்பு டாக்டர்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். ஒரு கையால் பட்டன் போட நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, என் சட்டைகள் எல்லாவற்றிலும் பட்டனை அறுத்துவிட்டு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தாள். "என் சட்டைக் கழுத்துப் பட்டன் போய் எத்தனை நாளாச்சு, என்னைக் கவனிக்க ஆளைக் காணோம். நானும் ஒரு விரலை நசுக்கிக்கட்டுமா?" என்று மாமா ஒரு தடவை வாயை விட்டுவிட்டார். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதன்பிறகு மாமா அந்தப் பேச்சே எடுப்பதில்லை. பம்பு செட் ரிப்பேர் செய்கிறவர், நல்ல மனிதர். அவருக்குக் கிட்டார் சத்தமும் சுவரில் துளை போடுகிற சத்தமும் ஒன்றுதான்.

ஷட்டரை அக்கா தொடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் தூக்குவதும் சாயங்காலம் இறக்குவதும் மாமாவின் வேலை. அப்போதும் கிட்டத்தில் நின்றுகொண்டு, "அவன் கை எங்க இருக்குன்னு பாத்துட்டு இழுங்க" என்பாள். நான் மாடியில் இருப்பேன். இரண்டு கையையும் தூக்கி ஜன்னல் வழியாகக் காட்டினால்தான் ஷட்டர் இறங்கும்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா இருந்தார். களிமண்ணைப் பிசையச் சொல்வார், துணி மாட்டுகிற கிளிப்பை அழுத்தச் சொல்வார். எலும்பு கூடியது. நடுவிரல் நன்றாகவே தேறிவிட்டது. மோதிர விரலும் மடங்கியது, ஆனால் அதன் நுனி மரத்துப்போயிருந்தது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை.

"உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் அந்த அம்மா. "அதுவரைக்கும் கண்ணாலயும் காதாலயும்தான் அந்த விரலை வேலை வாங்கணும் தம்பி."

ஒருநாள் அக்கா துணி வாங்கப் போயிருந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை எடுத்தேன். தந்திகள் கறுத்துப்போயிருந்தன. மாற்றினேன். இத்தனை வருஷமாக விரல் நுனியில் காய்த்திருந்த தோல் உரிந்துபோய், கை குழந்தையுடையது போல மெத்தென்று இருந்தது. தந்தியை அழுத்தினால் எரிந்தது. அந்த எரிச்சல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மோதிர விரலில் மட்டும் அதுவும் இல்லை.

அங்கேதான் வம்பு. அந்த விரல் தன் தந்தியை அழுத்தும்போது, பக்கத்துத் தந்தி மேலேயும் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்தால் அந்தத் தந்தி செத்துப்போகும், சத்தம் வராது. படுத்திருப்பது எனக்குத் தெரியாது. காதுக்குத் தெரிய வேண்டுமே என்றால், வாசிக்கிறவன் காது பாதி நேரம் மனசில் ஓடுகிற பாட்டைத்தான் கேட்கும். போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். சரி என்று நினைத்துக் கேட்டால் சரியாக இருந்தது. தப்பு என்று நினைத்துக் கேட்டால் எல்லாமே தப்பாக இருந்தது. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் தெரிந்துபோகும் என்று நினைத்தேன்.

ஆனால் தையல் மெஷின் நிற்கவே இல்லை. நான் வாசிக்க வாசிக்க அது ஓடிக்கொண்டே இருந்தது. நின்றால் நூல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று வாசித்தேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. மெஷின் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தான். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், அதை வைக்கிற பெரிய பெட்டியோடேயே அலைவதால் அந்தப் பெயர். ஒரு பெரிய மண்டபத்தில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தான். ஆரம்பமே தனிக் கிட்டார். நாங்கள் எப்போதும் அப்படித்தான் தொடங்குவோம், மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நான் மட்டும் வாசிப்பேன்.

"நீ வந்தா உன்னோடதுதான். இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும். நாளைக்குள்ள சொல்லு" என்றான். "ஒரு தடவை வாசிச்சுக் காட்டேன்."

வாசித்தேன். நடுவில் ஒரு இடம் வரும், மோதிர விரல் ஏறி நின்று தாங்க வேண்டிய இடம். அதையும் தாண்டி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"செமடா" என்றான். "கை போன மாதிரியே இல்ல, அப்படியே இருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லும் பாராட்டை நம்பி எவன் மேடை ஏறுவான்? அவன் போனதும் கீழே இறங்கினேன். அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி வந்தான்."

"கேட்டுது."

"வாசிச்சதும் கேட்டுச்சா? எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துதுடா."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

"நடுவுல அந்த இடம்?"

"எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கு. ஊசி முனையில கை வெக்காத, தள்ளி நில்லு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுக்கா."

அவள் பார்க்கவில்லை. காலரின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடா உன்னைத் தப்பு சொல்வேன்? செய்யற தப்பையெல்லாம் நான் செஞ்சுட்டு?"

"நான்தான் குரல் குடுக்கல, எத்தனை தடவை சொல்றது? அது முடிஞ்சுபோன கதை."

"உனக்கு முடிஞ்சிருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாரும் பொய் சொல்றாங்க. நீயும் சொன்னா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்? போ, நல்லா இருக்குன்னு நீயே சொல்லிட்டே. நான் போறேன், வாசிக்கறேன்" என்று கத்திவிட்டு மேலே வந்தேன். கீழே வெகுநேரம் மெஷின் சத்தமே இல்லை. நான் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மாமா ஷட்டரைத் தூக்கிவிட்டு வேலைக்குப் போனார். கட்டில் மேல் போனை வைத்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை வாசித்தேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. நடு இடம் வந்தது, போனது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டேன். அப்படியென்றால் நிஜமாகவே சரியாக இருக்கிறதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து, கீழே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, பெட்டிகிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்!"

மெஷின் நின்றது.

நூல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி ஓடவில்லை. கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கழுத்தில் அளவு டேப்போடு அக்கா படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு" என்றாள்.

பழைய குரல் இல்லை. தொண்டையிலிருந்து பிய்த்து எடுத்த மாதிரி வந்தது.

"நடுவுல அந்த இடம் தப்புடா. ஒரு தந்தி சத்தமே வரல. நீ திரும்ப எடுத்த நாள்லேருந்து ஒரு தடவைகூட வரல."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாம இருக்குமா? ஒவ்வொரு தடவையும் கால் தானா நின்னுடப் பாக்குது. நிக்காதன்னு அழுத்தி மிதிச்சுட்டு இருந்தேன். எத்தனை துணியைப் பாழாக்கியிருக்கேன் தெரியுமா?" அவள் முகம் கோணியது. "ஆனா நீ அங்க போய் வாசிச்சு, நாலு பேர் பாவம்னு சொல்றத என்னால கேக்க முடியாது. அதுக்கு நானே சொல்லிடறேன். கையையும் நசுக்கிட்டு, இப்ப மேடையையும் பிடுங்கறாளேன்னு நீ நெனச்சாலும் நெனச்சுக்கோ."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. மேடை போய்விட்டதே என்றுதான் முதலில் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அடிபட்டபோதுகூட அப்படி அழவில்லை. அவள் மேலே ஏறி வரவில்லை. அங்கேயே நின்று டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழுது முடித்த பிறகு பெட்டிக்குப் போன் செய்தேன்.

"வேற ஆளைப் பாருடா."

"ஏன்டா? நல்லாத்தானே வாசிச்சே? யார் என்ன சொன்னாங்க?"

"அக்கா தப்புன்னு சொல்லிட்டா."

அவனும் பல வருஷம் எங்கள் வீட்டு மாடியில் வாசித்து அந்தக் குரலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"அப்ப சரி" என்றான்.

அறைக்குப் போய்க் கிட்டாரை எடுத்தேன். முதலிலிருந்து அல்ல, நேராக அந்த நடு இடத்தை வாசித்தேன். கீழே மெஷின் நின்றது. "தப்பு" என்றாள், மெதுவாக. கண்ணால் பார்த்து விரலைக் கொஞ்சம் செங்குத்தாக நிறுத்தி வாசித்தேன். "தப்பு." இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். "தப்பு." கடைக்கு யாரோ தைத்த துணியை வாங்க வந்த சத்தம் கேட்டது. அக்கா அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள், கவனிக்க மாட்டாள் என்று எண்ணி அலட்சியமாக ஒரு தடவை வாசித்தேன்.

"டேய், எத்தனை தடவைடா சொல்றது! தப்பு தப்பு தப்பு! காது என்ன அடைஞ்சா போச்சு?"

அவள் குரலில் அசல் எரிச்சல் இருந்தது. வந்திருந்த பெண் சிரித்தாள். பழையபடி எனக்கு மானம் போனது. விரலைத் தூக்கி மறுபடி வைத்தேன்.